உள்ளே வைத்த பொட்டு

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொள்வது இப்போதெல்லாம் கல்யாண வீட்டிலா, கிளினிக் வாங்குப் பலகையிலா என்று கேட்டால் கிளினிக் வாங்கில்தான். போன மாதம் பிரஷர் பார்க்கப் போன இடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பள்ளித் தோழி ஒருத்தி சுற்றி வளைக்காமல் கேட்டாள். “அஞ்சாம் வகுப்புக் கடைசித் தவணையில, பரீட்சை முடியிறவரைக்கும் நீ வாயே திறக்கலையே, ஏன்டி? உனக்குப் பேச்சே போயிருச்சுன்னு டீச்சர்கூட நெனச்சாங்க.” நான் சிரித்து மழுப்பினேன். உங்களில் பலரும் அந்த வகுப்பில் இருந்தவர்கள்தான். அவளிடம் சொல்லாததை இங்கே, நம் பள்ளிக்கூடக் குழுவில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றியது. உள்ளங்கையை விட ஒரு சுற்றுப் பெரிய இரும்புப் பெட்டி, கத்தரிப்பூ நிறம். மேலே மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு தட்டு. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டிவிட்டுக் கம்பியை ஒரு தரம் தட்டினால் அதே சத்தம் திரும்ப வரும். கொஞ்சம் மங்கி இன்னொரு தரம், இன்னும் மங்கி மூன்றாம் தரம். மாமா அதை ‘டிலே’ என்பார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது எக்கோப் பெட்டி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. டவுன் வாவிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு சுற்றுலா ஹோட்டலின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். அங்கே தங்க வந்த வெள்ளைக்காரப் பயணி ஒருவனிடம் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். “மணி என்னான்னு கேட்டா மச்சான் இப்ப பெட்டியைத்தான் பார்க்கிறாரு” என்று அப்பா கிண்டல் செய்வார்.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு பெட்டி ஒரு கடைப்பையில் என்னிடம் வந்தது. இந்த வருஷம் அதைப் பேராதனை வீதியில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, “மேடம், இந்தப் பழைய அனலொக் சாமானுக்கு இப்ப ஆளுங்க தவம் கிடக்கிறாங்க” என்றார். காய்ந்துபோன இரண்டு கப்பாசிட்டரை மாற்றினார், சுவிட்சைச் சுத்தம் செய்தார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஐசி, நடுவில இருக்கிற இந்தக் கறுப்புச் சில்லு, கம்பனி போட்டதுதான். இதுவரைக்கும் ஒரு கையும் கழட்டல” என்றார். அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஹாலில் யாராவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும்.

அப்போது நாங்கள் அம்பிட்டியவில், ரோட்டிலிருந்து முப்பது படி ஏறினால் வரும் வீட்டில் இருந்தோம். அப்பா மாநகர சபையில் கிளார்க். பின்னறையில் வாடகைக்கு ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, அலுமாரி அளவு இடத்தில் ரேடியோ திருத்தும் கடை போட்டிருந்தார். எனக்கு அவர் ரேடியோ அண்ணன். அறை முழுக்க வயரும் பட்டரியும் ஈயம் உருகிய வாசனையுமாக இருக்கும். அடையாள அட்டையை இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கொல்லைக்குப் போனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார்.

அந்தக் காலம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்த வாலிபன் என்றாலே சந்தேகம். இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரரை விசாரிக்க வேண்டும் என்று பொலிஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பெரியவர்கள் அதை எங்கள் முன்னால் பேசமாட்டார்கள். நாங்கள் வந்ததும் பேச்சை நிறுத்துவார்களே, அதிலிருந்தே எங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் பெட்டியின் மிதிதட்டு இறுகிப்போய், மாமா அதை ரேடியோ அண்ணனிடம் கொடுத்தார். அவர் திறந்து சுத்தம் செய்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் என்னென்னவோ மணிகள், நடுவில் இரண்டு பக்கமும் காலுள்ள ஒரு கறுப்புத் துண்டு.

“பிள்ளை, உந்தக் கறுப்பனைப் பாத்தியோ? இவருக்குள்ள நூற்றுக்கணக்கில வாளி வரிசையா இருக்கு. வீடு பத்தினா கிணத்தடியில இருந்து ஆக்கள் நிரையா நிண்டு வாளியைக் கை மாத்தி விடுவினம் தெரியுமோ? அப்பிடித்தான். ஒராள் மற்ற ஆளிட்டைச் சத்தத்தைக் குடுக்கும். கடைசி ஆளிட்டை வந்து சேரப் பிந்திப்போகும். அதுதான் திரும்பிக் கேக்குது.”

“மத்ததெல்லாம் எதுக்கு?”

“மற்றதெல்லாம் எடுபிடி. வேலை செய்யிறது இவர்தான்.”

வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான். ஆயுத பூஜை அன்று பின்னேரம் அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் கொடுத்தாள். “வேலை செய்யிற சாமான் ஒண்ணு விடாம பொட்டு வை பாப்பா. விட்டா சாமி கோவிச்சுக்கும்” என்றாள். தையல் மெஷின், கத்தரிக்கோல், அப்பாவின் பேனா, அம்மிக்கல், மாமாவின் கிட்டார், என் கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பெட்டியிடம் வந்ததும் யோசித்தேன். மேலே இருப்பது வெறும் மூடி. வேலை செய்பவர் உள்ளே அல்லவா இருக்கிறார்?

தையல் மெஷினின் இழுப்பு லாச்சியில் இருந்த சின்னத் திருப்புளியால் மூடியின் நாலு திருகாணியையும் கழற்றினேன். கறுப்பன் தலையில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கூடிவிட்டது. பொட்டு வழிந்து அவருடைய கால்களுக்கு நடுவில் இறங்கியது. வடிவாகத்தான் இருந்தது. மூடிக் கொண்டுபோய்ச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். அன்றிரவைப் போலப் பெருமையாக நான் என்றைக்கும் தூங்கியதில்லை.

விஜயதசமி அன்று நல்ல வெயில். மாமா மாட்டித் தட்டிப் பார்த்தார். சத்தம் போய்த் திரும்பி வந்தது. ஐப்பசி பிறந்து பின்னேர மழை தொடங்கிய பிறகுதான் வினை. ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது பெட்டி திரும்பிப் பேசுவதை நிறுத்திவிட்டது. இன்னொரு நாள் மிதித்ததும் பூனை மாதிரி ஊளையிட்டதாம். மறுநாள் பகலில் வீட்டில் மாட்டினால் ஒரு குறையும் இல்லை.

“மழைன்னா படுத்துக்குது, வெயிலுன்னா எந்திரிக்குது. என்ன எழவோ” என்று மாமா சொன்னது என் காதில் விழுந்தது. நனைந்த சந்தனம் ஞாபகம் வந்தது. காரணம் நான்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அடி விழும். அடி பெரிதில்லை. பொட்டை அழிப்பார்களே, அதுதான் என் பயம். அம்மா நெற்றி வியர்த்தால்கூடக் குங்குமத்தைத் துடைக்கமாட்டாள், சுற்றித்தான் ஒற்றுவாள். எதிர் வீட்டுக்காரர் இறந்த அன்று பெண்கள் கூடி அவர் மனைவியின் பொட்டை அழித்ததை நான் யன்னலால் பார்த்திருந்தேன். அவர் இறந்ததால் அழித்தார்கள் என்பதை, அழித்ததால் இறந்தார் என்று தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பொட்டை அழித்தால் அப்பா செத்துப்போவார். கணக்குப் பாடத்தை விட இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

பெட்டி மறுபடி ரேடியோ அண்ணனிடம் வந்தது. அவருக்கு ஒரு முறை உண்டு. “நல்லா வேலை செய்யிற நேரத்தில சாமானைத் திறக்கப்படாது அண்ணை. திறந்தா இல்லாத பிழையும் வந்திடும். வெளியில இருந்து உள்ளுக்குப் போகோணும். முதல்ல வயர், பிறகு பட்டரி, பிறகு ஓட்டையள். கடைசியாத்தான் உள்ளுக்கை.” ஒரு வாரம் வயரை மாற்றினார். அடுத்த வாரம் பட்டரிக்கென்று இருந்த தனி மூடியைத் திறந்து பட்டரியையும் அதன் பிடியையும் மாற்றினார். அதற்கடுத்த வாரம் வயர் செருகும் ஓட்டைகளைச் சுரண்டினார். ஒவ்வொரு தரமும் பகலில் பெட்டி நன்றாகப் பேசியது, மழைக்கு ஹோட்டலில் படுத்துவிட்டது. அவர் ஒவ்வொரு படியாக உள்ளே வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அந்த நாலு ஆணியும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

மாமாவும் பாவம்தான். இன்னொரு தரம் ஊளையிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். குழுவில் டிரம் அடித்தவர் அவர் காதில் ஓதினார். “ஒரிஜினல் ஐசியை உருவிட்டு டுப்ளிகேட்டைப் போட்டிருப்பான்.” இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? கடிகாரம் கொடுத்தால் கல்லை மாற்றிவிட்டான், ரேடியோ கொடுத்தால் வால்வை மாற்றிவிட்டான் என்று சொல்லாத வீடு நம் ஊரில் எது? மாமாவுக்கு அது பசுமரத்தாணி போல இறங்கிவிட்டது.

“மூணு வாரமா ஏன் திறக்க மாட்டேங்கிறான்? திறந்தா குட்டு வெளிப்பட்டுரும்ல” என்று அம்மாவிடம் பொருமினார். ஒரு வியாழக்கிழமை பின்னறை வாசலில் போய் நின்று, “நாளைக்கு என் கண்ணு முன்னால திறக்கணும். இல்லைன்னா பொலிஸ்ல பேசிக்கலாம்” என்றார்.

“ஓம். இனித் திறக்கிறதுதான் முறை” என்றார் ரேடியோ அண்ணன். பொலிஸ் என்ற சொல்லுக்கு அவர் முகம் எப்படி மாறியது என்று மாமா பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் மேசையைச் சுற்றி அப்பா, அம்மா, மாமா, ரேடியோ அண்ணன். நான் அலுமாரியை ஒட்டி நின்றேன். பெட்டி எதிர்பார்த்தபடியே திரும்பிப் பேசவில்லை. அவர் நாலு ஆணியையும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு மூடியைத் தூக்கினார்.

“தாயே!” என்று அம்மா கும்பிட்டாள். கறுப்பன் தலையில் குங்குமம் அப்படியே இருந்தது.

ரேடியோ அண்ணன் குழம்பிப்போனார். ஆனாலும் முறையை விடவில்லை. நுனியில் ஊசி வைத்த ஒரு வயரை ஸ்பீக்கரோடு மாட்டி, மாமாவைக் கிட்டார் தட்டச் சொல்லிவிட்டுப் பலகையில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டார். “சத்தம் இதுவரைக்கும் வருது. இஞ்சயும் வருது. இவருக்குள்ள போகுது.” மறுபக்கம் தொட்டார். “வெளியில வரேல்லை.”

மாமா மேசையில் ஓங்கி அடித்தார். “கேட்டீங்களா? அவன் வாயாலேயே வந்திருச்சு. நாலு ஆணிக்குள்ள மூடிக் கிடந்த பெட்டிக்கு உள்ள யாரு போய்ப் பொட்டு வைப்பா அக்கா? களவுச் சாமான் எதுன்னு அம்பாளே அடையாளம் காட்டிட்டா!”

“அண்ணை, நான் களவெடுக்கேல்லை. இது ஈரம் பிடிச்ச குங்குமம். ஆர் வைச்சதெண்டு தெரியாது. ஸ்பிரிட்டால துடைச்சா இப்பவே கதைக்கும். ஒருக்காத் துடைக்க விடுங்கோ.”

“துடைக்கிறதா?” அம்மா குறுக்கே வந்து நின்றாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, அம்பாள் வச்ச பொட்டை? இவரு இருக்கிற வீட்டுலயா?” என்று அப்பாவைக் கைகாட்டினாள்.

துடைத்தால்தான் அவர் கள்ளனில்லை என்று தெரியும். துடைக்க அம்மா விடமாட்டாள். மாமா குடையை எடுத்தார். “கொஞ்சம் பொறுங்க மச்சான்” என்று அப்பா சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. மாமா பொலிஸுக்கென்று படியிறங்கிப் போனார்.

அம்மா பெட்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். ரேடியோ அண்ணன் அசையாமல் நின்றார். துடைக்க எடுத்த துணி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. சொல்லு, சொல்லு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அப்பாவைப் பார்த்தேன். கற்பூரம் எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

“நான்தான் வச்சேன்.”

“என்னடி உளர்றே?” என்றாள் அம்மா.

அப்பா என் முன்னால் வந்து குந்தினார். “பயப்படாதே பாப்பா. உண்மையைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. எப்படி வச்சே?”

லாச்சியிலிருந்து திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் பிடியில் சிவப்பு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கை ஓங்கியது. அப்பா பிடித்துக்கொண்டார். அம்மா அழத் தொடங்கினாள். “சரி, இவ வச்சதாவே இருக்கட்டும். பூஜையில வச்ச பொட்டு. யாரு அழிக்கிறது?”

அப்பா ரேடியோ அண்ணன் கையிலிருந்த துணியை வாங்கினார். “எனக்காகத்தானே பயப்படுறே? நானே அழிக்கிறேன்.” ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் துடைத்தார். வீட்டில் எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன் அவர். துணி சிவந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கேட்டது கிட்டார். ரேடியோ அண்ணன் பழைய பல்துலக்கியால் கால்களுக்கு நடுவில் தேய்த்து, ஊதிக் காயவைத்து, கம்பியை ஒரு தரம் தட்டியிருந்தார். சத்தம் போய்த் திரும்பியது. இன்னொரு தரம், இன்னொரு தரம். கொட்டுகிற மழையில் பெட்டி சுத்தமாகப் பேசியது. யாருக்கும் சந்தோஷப்பட நேரமில்லை. அப்பா செருப்புக்கூடப் போடாமல் மாமாவின் பின்னால் ஓடினார். பொட்டை அழித்த மனுஷன் மழையில் ஓடுகிறாரே, பஸ்ஸில் அடிபட்டுவிடுவாரே என்று எனக்கு உயிர் போய் வந்தது. ரேடியோ அண்ணனைப் பற்றி நான் அப்போது நினைக்கவேயில்லை.

அம்மாதான் முதலில் தெளிந்தாள். “தம்பி, நீங்க போயிருங்க.”

“நான் களவெடுக்கேல்லைத்தானே அக்கா. இப்ப எல்லாருக்கும் தெரியும். ஏன் ஓடோணும்?”

“அவங்க வந்து களவைப் பத்தியா கேக்கப் போறாங்க? உங்க ரூமுல கிடக்கிற வயரையும் பட்டரியையும் பார்த்தா என்ன சொல்லுவாங்க?”

அவர் குனிந்து பெட்டியின் நாலு ஆணியையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். அம்மா ரொட்டி நாலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். ஒரு பையோடு பின்கதவால் இறங்கி, மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் கீழ் ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் போனார். அம்மா உடனே கதவைச் சாத்திவிட்டாள். நான் சமையலறை யன்னலில் நின்று அவர் தலை மறையும்வரை பார்த்தேன்.

அப்பாவும் மாமாவும் திரும்பி வர எட்டு மணியாகிவிட்டது. மாமா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் அப்பா பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று இருவரும் கெஞ்சியும், ஜீப் புறப்பட்டுவிட்டது என்றார்களாம். மாமா படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பெட்டியை அவர் பிறகு மாட்டவேயில்லை.

ரேடியோ அண்ணனை நாங்கள் யாரும் மறுபடி பார்க்கவில்லை. அவர் கொடுத்திருந்த ஊர் விலாசத்துக்கு அப்பா மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. அப்பா எண்பது தாண்டி, படுக்கையில் நிம்மதியாகத்தான் போனார். அம்மா மட்டும் கடைசிவரை மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். “அந்தத் தம்பி தப்பிச்சிருக்கும். எந்தப் பக்கம் போச்சுன்னு என்னைத் தவிர யாருக்குமே தெரியாதே” என்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

அன்று ஜீப் வந்தது அப்பாவும் மாமாவும் திரும்பி வருவதற்கு முன்னால். விளக்கு வைக்கிற நேரம், மழை விட்டிருந்தது. பின்னறைக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, டவுனுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்று அம்மா சொன்னாள். அறையைத் திறக்கச் சொன்னார்கள். அம்மா சாவி எடுக்க உள்ளே போனாள். அந்த இடைவெளியில், வந்தவர்களில் மீசை நரைத்த ஒருவர் என் பக்கம் குனிந்தார். நல்ல முகம். “மகளே, அண்ணா எந்தப் பக்கம் போனார்?” என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டார்.

உண்மையைச் சொல்லாமல் நின்றதால் வந்த வினையை அன்றுதான் கண்ணால் பார்த்திருந்தேன். சொன்னதும் எல்லாம் சரியாகிவிட்டதையும் பார்த்திருந்தேன். இந்தத் தடவை நான் தாமதிக்கவில்லை. சமையலறை யன்னலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மிளகுத் தோட்டப் பாதையைக் காட்டினேன்.

அவர் என் தலையைத் தடவி, நல்ல பிள்ளை என்று சொன்னார்.